கன்சோல் விற்பனைக் கணக்கையும் ரிலீஸ் தேதியையும் படிப்பது எப்படி? வாதத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

2025 நவம்பர் தொடக்கத்தில் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. அதில் ஸ்விட்ச் கன்சோலின் மொத்த விற்பனை 15,401 என்று இருந்தது. அந்த நிறுவனத்தின் முந்தைய சாதனை நின்டெண்டோ டிஎஸ்-உடையது; அதன் கணக்கு 15,402. பழக்கமில்லாதவர் பார்த்தால் ஒரே ஒரு யூனிட்தான் குறைகிறது என்று நினைப்பார். ஆனால் அந்த அட்டவணையின் அலகு பத்தாயிரம். குறைந்தது ஒரு யூனிட் அல்ல, சுமார் பத்தாயிரம் யூனிட்.

எந்த வீடியோ கேம் கன்சோல் அதிகம் விற்றது என்ற வாதங்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் தடம் புரளுகின்றன. எண் சரியாக இருக்கும், படித்த விதம் தப்பாக இருக்கும். எந்த எண் கண்ணில் பட்டாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த அலகு? யார் எண்ணினார்கள்? எந்த இடத்தில் நின்று எண்ணினார்கள்? எந்தத் தேதி வரை எண்ணினார்கள்? நான்குக்கும் பதில் இல்லாத எண்ணை வாதத்துக்குள் கொண்டுவராதீர்கள். கீழே உள்ள படிகள் அந்தப் பதில்களைத் தேடி எடுக்கும் வழி.

1. முதலில் அலகை மாற்றுங்கள்

நின்டெண்டோ ஜப்பானிய வழக்கப்படி பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணும். ஆங்கில அறிக்கையிலும் அப்படியே இருக்கும். லட்சமாக்க வேண்டுமானால் கடைசி இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள்: 582 என்றால் 58.2 லட்சம். கோடியாக்க ஆயிரத்தால் வகுங்கள்: 15,401 என்றால் 15.401 கோடி.

சோனி மில்லியனில் சொல்லும். பத்தால் பெருக்கினால் லட்சம், பத்தால் வகுத்தால் கோடி. 18.5 மில்லியன் என்றால் 185 லட்சம், அதாவது 1.85 கோடி. மில்லியனை லட்சம் என்று மொழிபெயர்த்துவிடுவது தமிழில் எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அந்த ஒரு சொல்லால் கணக்கு பத்து மடங்கு சுருங்கிவிடும்.

இன்னொன்று, சோனி ஒரு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தித்தான் தருகிறது. 2023 நிதியாண்டில் பிஎஸ்5-இன் (பிளேஸ்டேஷன் 5) நான்கு காலாண்டு எண்கள் 3.3, 4.9, 8.2, 4.5 மில்லியன். கூட்டினால் 20.9 வரும். ஆண்டு மொத்தமாக அறிவித்தது 20.8. இதில் மறைந்த ரகசியம் ஒன்றுமில்லை. முழுமைப்படுத்தியதில் உதிர்ந்த துண்டு அது. ஒரு லட்சம் யூனிட் வித்தியாசத்தை வைத்து யாராவது சண்டைக்கு வந்தால் இதைக் காட்டி அமைதிப்படுத்தலாம்.

2. கடைக்குப் போனதா, வீட்டுக்குப் போனதா?

இந்த ஒரு படியை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் கூட வாதத்தின் தரம் உயர்ந்துவிடும். தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய கன்சோல் விநியோகஸ்தருக்குப் போகும், பிறகு கடைக்கு, கடைசியில் வாங்குபவர் வீட்டுக்கு. நிறுவனம் கடைக்கோ விநியோகஸ்தருக்கோ விற்றதை எண்ணுவது செல்-இன். கடை வாடிக்கையாளருக்கு விற்றதை எண்ணுவது செல்-த்ரூ. காலாண்டு அறிக்கையில் நின்டெண்டோவும் சோனியும் தருவது செல்-இன். பெட்டி கடையைச் சேர்ந்ததுமே நிறுவனத்துக்கு வருமானம் வந்துவிடுகிறது. அதனால் கணக்குப் புத்தகத்தில் அதுதான் விற்பனை.

வித்தியாசம் எவ்வளவு இருக்கும்? பிஎஸ்5-ஐயே எடுத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 9 வரை 5 கோடி பிஎஸ்5 வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டதாக சோனி அறிவித்தது. இது செல்-த்ரூ. அதே டிசம்பர் 31 வரையிலான செல்-இன் 5.48 கோடி. இரண்டுக்கும் நடுவே மூன்று வார விழாக்கால விற்பனையும் இருக்கிறது, கடையிலும் கிடங்கிலும் கப்பலிலும் இருந்த சரக்கும் இருக்கிறது. இரண்டு எண்ணும் உண்மை. ஆனால் ஒரு கன்சோலுக்கு இதையும் இன்னொரு கன்சோலுக்கு அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

ஆரோக்கியமான கன்சோலுக்கு இந்த இடைவெளி சில வாரங்களில் கரைந்துவிடும். கரையாமல் தேங்கினால்தான் ஆபத்து. அதற்குச் சரியான பாடம் நின்டெண்டோவின் வீ யூ கன்சோல். 2012 நவம்பரில் வந்தது. டிசம்பர் முடிவுக்குள் 30.6 லட்சம் கடைகளுக்குப் போனது. அடுத்த மூன்று மாதத்தில் கூடியது வெறும் 3.9 லட்சம். 2013 ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுக்க 1.6 லட்சம்தான். முதலில் அனுப்பிய சரக்கு கடைகளிலேயே கிடந்ததால் கடைக்காரர்கள் மறு ஆர்டர் போடவில்லை. 2014 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு 90 லட்சம் விற்கும் என்றிருந்த நின்டெண்டோ, ஜனவரியில் அதை 28 லட்சமாகக் குறைத்தது. கடைசியில் வந்தது 27.2 லட்சம். ஆகவே ஒரு கன்சோலின் முதல் காலாண்டு எண்ணைக் கண்டதும் ஆட வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது காலாண்டுகள்தான் வாங்குபவர் மனதைக் காட்டும்.

பழைய எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பிஎஸ்1, பிஎஸ்2 காலத்தின் பெரும்பகுதியில் சோனி அறிவித்தது தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய எண்ணிக்கை. அதனால்தான் பிஎஸ்2-க்கு 15.5 கோடி என்று பல ஆண்டுகள் சுற்றிய எண்ணும், 2024-இல் சோனி சொன்ன 16 கோடிக்கு மேல் என்ற எண்ணும் வாதங்களில் மோதிக்கொள்கின்றன. இன்று மேற்கோள் காட்டுவதாக இருந்தால் பிந்தையதையே எடுங்கள், 16 கோடிக்கு மேல் என்றே சொல்லுங்கள். துல்லியமான இலக்கங்களோடு யாராவது எழுதினால் எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள்.

3. மூன்றாம் காலாண்டு என்றால் யாருடைய மூன்றாம் காலாண்டு?

சோனிக்கும் நின்டெண்டோவுக்கும் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், நம் அரசாங்கக் கணக்கு மாதிரியே. எக்ஸ்பாக்ஸை விற்கும் மைக்ரோசாஃப்டுக்கு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான விழாக்காலம் முதல் இருவருக்கும் மூன்றாம் காலாண்டு, மைக்ரோசாஃப்டுக்கு இரண்டாம் காலாண்டு. நிதியாண்டின் பெயரிலும் குழப்பம் வரும். சோனி 2024 நிதியாண்டு என்று சொல்வது 2025 மார்ச்சில் முடிவது. மைக்ரோசாஃப்ட் 2024 நிதியாண்டு என்று சொல்வது 2024 ஜூனில் முடிந்தது. குறிப்பு எழுதும்போது காலாண்டு எண்ணை விட்டுவிடுங்கள், மாதங்களின் பெயரை எழுதுங்கள். பிழை வருவதற்கே இடமிருக்காது.

காலாண்டைத் தப்பாகப் பிடித்தால் எவ்வளவு அடிபடும் என்பதற்கு ஒரு கணக்கு: 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை பிஎஸ்5 விற்றது 24 லட்சம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை 95 லட்சம். ஒரே கன்சோல், ஒரே ஆண்டு, நான்கு மடங்கு வித்தியாசம். ஒரு காலாண்டை அதற்கு முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு "விற்பனை சரிந்துவிட்டது" என்று எழுதுபவர்கள் விழாக்காலம் முடிந்ததைத்தான் செய்தியாக்குகிறார்கள். ஒப்பிட வேண்டியது போன ஆண்டின் அதே மாதங்களோடு.

4. எக்ஸ்பாக்ஸ் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

மைக்ரோசாஃப்ட் 2015 அக்டோபரிலிருந்து கன்சோல் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. எக்ஸ்பாக்ஸ் 360 வரைக்கும் நிறுவனத்தின் வாயால் வந்த எண் இருக்கிறது: 8.4 கோடி. எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் மூன்றுக்கும் இணையத்தில் சுற்றுவதெல்லாம் மதிப்பீடுதான். மதிப்பீட்டைப் பயன்படுத்துவதில் தவறில்லை, மதிப்பீடு என்று சொல்லிவிட வேண்டும். 2022-இல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்கும் ஒப்பந்தத்துக்காக பிரேசிலின் போட்டி ஒழுங்குமுறை ஆணையத்திடம் மைக்ரோசாஃப்ட் தந்த ஆவணத்தில், போன தலைமுறையில் சோனி தன்னைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்றதாக ஒப்புக்கொண்டது. பிஎஸ்4-இன் கணக்கு 11.72 கோடி என்பதால், எக்ஸ்பாக்ஸ் ஒன் 5.86 கோடிக்குக் கீழே என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் துல்லியம் கேட்பது வீண்.

காலாண்டுதோறும் மைக்ரோசாஃப்ட் தருவது எக்ஸ்பாக்ஸ் ஹார்ட்வேர் வருமானம் எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்பது. 2024 ஜனவரி முதல் மார்ச் வரை 31 சதவீதம் சரிவு, ஏப்ரல் முதல் ஜூன் வரை 42 சதவீதம் சரிவு. இதை "42 சதவீதம் குறைவான கன்சோல்கள் விற்றன" என்று எழுதிவிடாதீர்கள். அது பணத்தின் சதவீதம். விலை மாறினால் இரண்டும் பிரிந்துவிடும். அமெரிக்காவில் சீரீஸ் எக்ஸ் 2025 மே மாதம் 499.99 டாலரிலிருந்து 599.99 டாலருக்கு ஏறியது, கிட்டத்தட்ட 20 சதவீதம். எண்ணிக்கை 30 சதவீதம் விழுந்தது என்று வைத்துக்கொண்டால் வருமானம் 1.2 பெருக்கல் 0.7, அதாவது 0.84. அறிக்கையில் 16 சதவீதச் சரிவு மட்டுமே தெரியும். விலை ஏறும் காலத்தில் வருமானச் சதவீதம் உண்மையான சரிவை மறைத்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. நாட்டுக் கணக்குகள்

ஜப்பானுக்கு ஃபேமிட்சு இதழின் வாராந்திரக் கணக்கு. கன்சோல், கேம் இரண்டுக்கும் எண்ணோடு வரும். கடைகளின் தரவை வைத்துச் செய்யும் மதிப்பீடு அது, கேம்களில் பெட்டியில் விற்பவை மட்டும்தான் பட்டியலில் இருக்கும். டவுன்லோட் செய்து வாங்குவோர் பெருகப் பெருக, பெட்டி விற்பனை குறைவதை வைத்து ஒரு கேமைத் தோல்வி என்று எழுதுவது அநியாயம். ஜப்பானில் கன்சோல் ஓட்டத்தை வாரா வாரம் பார்க்க இதைவிட நல்ல பொதுத் தரவு கிடையாது.

அமெரிக்காவுக்கு சிர்கானா. முன்பு என்பிடி என்ற பெயரில் இருந்த சந்தை ஆய்வு நிறுவனம். மாதந்தோறும் வரிசை வெளிவரும். இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, வரிசை பெரும்பாலும் டாலர் அடிப்படையில். பிஎஸ்5 புரோ வந்தபோது விலை 699.99 டாலர், ஸ்விட்ச் லைட் 199.99. ஒரு புரோ விற்றால் மூன்றரை லைட் விற்ற பணம். "டாலரில் முதலிடம்", "யூனிட்டில் முதலிடம்" இரண்டும் வெவ்வேறு கன்சோல்களாக இருப்பது சாதாரணம். இரண்டாவது, அவர்களுடைய மாதம் நாட்காட்டி மாதம் அல்ல. நான்கு வாரம், நான்கு வாரம், ஐந்து வாரம் என்ற சுழற்சி. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் ஐந்து வார மாதங்கள். பிப்ரவரியைவிட மார்ச் கூடிவிட்டது என்று மகிழ்வதற்கு முன் பிப்ரவரியை நான்காலும் மார்ச்சை ஐந்தாலும் வகுத்து வாரச் சராசரி பாருங்கள். மூன்றாவது, நின்டெண்டோ தன் டிஜிட்டல் விற்பனையை இந்தப் பட்டியலுக்குத் தருவதில்லை. அதனால் நின்டெண்டோ கேம்களின் இடம் அவற்றின் முழு விற்பனையைக் காட்டாது.

இந்தியா இந்தப் பட்டியல்கள் எதிலும் இல்லை. பிஎஸ்5 இங்கே 2021 பிப்ரவரி 2-இல் 49,990 ரூபாய்க்கு வந்தது. ஸ்விட்சை நின்டெண்டோ அதிகாரபூர்வமாக இங்கே விற்கவே இல்லை, அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் இறக்குமதியாளர்கள் வழியாக வாங்கியவர்கள்தான். ஆகவே ரிச்சி தெருவில் எது அதிகம் கண்ணில் படுகிறது என்பது உலக விற்பனை வாதத்தில் எடுபடாது.

6. ஒரு தாள் போடுங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அது இல்லையென்றால் நோட்டுப் புத்தகம். எட்டுப் பத்திகள் போதும்: கன்சோல், நிறுவனம் சொன்ன எண், லட்சத்தில் மாற்றிய எண், செல்-இன்னா செல்-த்ரூவா, எந்தத் தேதி வரை, வெளியீட்டிலிருந்து எத்தனையாவது மாதம், அந்த நேரத்து விலை, எடுத்த இடம். ஏழாவது பத்தியைப் பலர் சேர்ப்பதில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஸ்விட்சையும் ஸ்விட்ச் 2-ஐயும் போட்டுப் பார்ப்போம். ஸ்விட்ச் 2017 மார்ச் 3-இல் வந்தது. மார்ச் முடிவில் 27.4 லட்சம், ஜூன் முடிவில் சுமார் 47 லட்சம், டிசம்பர் முடிவில் 148.6 லட்சம். ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5-இல். ஜூன் முடிவில் 58.2 லட்சம், செப்டம்பர் முடிவில் 103.6 லட்சம், டிசம்பர் முடிவில் 173.7 லட்சம். எல்லாமே செல்-இன்.

இனி ஒப்பீடு. முதல் நான்கு வாரம்: 27.4-க்கு எதிரே 58.2. முதல் விழாக்காலம் முடியும் வரை: பத்து மாதத்தில் 148.6, ஏழு மாதத்தில் 173.7. ஸ்விட்ச் 2 வேகமாக ஓடியது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் "ஸ்விட்ச் 2-ஐ மக்கள் இரண்டு மடங்கு விரும்புகிறார்கள்" என்று சொல்ல முடியாது. 2017-இல் ஸ்விட்சுக்குப் பல மாதம் கடைகளில் தட்டுப்பாடு இருந்தது. எண்ணிக்கை விருப்பத்தை மட்டும் அளப்பதில்லை, கையிருப்பையும் அளக்கிறது. பிஎஸ்5-க்கும் இதே கதைதான். 2021 நிதியாண்டுக்கு 148 லட்சத்துக்கு மேல் என்று இலக்கு வைத்தார்கள், சிப் தட்டுப்பாட்டால் 115 லட்சத்தோடு நின்றது. வாங்க ஆள் இருந்தது, கொடுக்கப் பெட்டி இல்லை.

தேதியைச் சீரமைக்கும்போது வெளியீட்டு மாதத்தை மட்டும் நேர்ப்படுத்தினால் போதாது, எத்தனை விழாக்காலம் உள்ளே வருகிறது என்றும் எண்ணுங்கள். நவம்பரில் வந்த கன்சோலுக்கு முதல் 14 மாதத்தில் இரண்டு டிசம்பர் கிடைக்கும். மார்ச்சில் வந்ததற்கு ஒன்றுதான். "முதல் 14 மாத ஒப்பீடு" என்ற தலைப்போடு வரும் வரைபடங்களில் இந்த ஓரவஞ்சனை அடிக்கடி இருக்கும்.

விலைப் பத்தி ஏன்? நின்டெண்டோவின் 3டிஎஸ் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்து தடுமாறியது. வந்து அரை ஆண்டு முடிவதற்குள், 2011 ஆகஸ்டில், 169.99-க்கு இறக்கினார்கள். அதன் பிறகுதான் கோடு மேலே ஏறியது. விலை தெரியாமல் அந்த வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புரியாது. முன்பெல்லாம் கன்சோலுக்கு வயது ஏற ஏற விலை இறங்கும். இந்தத் தலைமுறையில் தலைகீழ். அமெரிக்காவில் பிஎஸ்5 499.99-இலிருந்து 2025 ஆகஸ்ட் 21 முதல் 549.99 ஆனது. அதனால் பிஎஸ்4-இன் ஐந்தாம் ஆண்டையும் பிஎஸ்5-இன் ஐந்தாம் ஆண்டையும் பக்கத்தில் வைக்கும்போது விலையை அடிக்குறிப்பிலாவது சொல்லுங்கள்.

7. கேம் விற்பனை: பிரதியா, விளையாடியவரா?

அறிவிப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பிரதிகள் விற்றன, கடைகளுக்கு அனுப்பப்பட்டன, விளையாடினார்கள். மூன்றும் மூன்று அளவு. பால்வேர்ல்ட் 2024 ஜனவரியில் வந்தபோது அதை உருவாக்கியவர்கள் நேர்மையாகப் பிரித்தே சொன்னார்கள்: ஸ்டீம் என்ற பிசி கேம் கடையில் 1.5 கோடி பிரதிகள், எக்ஸ்பாக்ஸில் 1 கோடி விளையாட்டாளர்கள். எக்ஸ்பாக்ஸில் அது, மாதக் கட்டணத்துக்குப் பல கேம்கள் தரும் கேம் பாஸ் சந்தாவில் இருந்ததால் பிரதி என்ற சொல் பொருந்தாது. ஆனால் வாதங்களில் "2.5 கோடி பிரதிகள்" என்று அதைக் கூட்டி எழுதினால் அந்த நேர்மை வீணாகிவிடும்.

அடுத்தது, நூறு கன்சோலுக்கு ஒரு கேம் எத்தனை பிரதி விற்றது என்ற விகிதம். கேம் எண்ணிக்கையை அதே தேதியின் கன்சோல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2025 மார்ச் முடிவில் மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் 6.82 கோடி, ஸ்விட்ச் 15.212 கோடி. நூறு கன்சோலுக்கு 45. எட்டு ஆண்டு ஓடிய கேமுக்கு இது அசாதாரணமான விகிதம். இதோடு 2025 ஜூன் முடிவில் மாரியோ கார்ட் வேர்ல்டின் விகிதத்தைப் பார்த்தால் 56.3 லட்சத்தை 58.2 லட்சத்தால் வகுத்து நூறுக்கு 97 வரும். பின்னதுதான் பெரிய வெற்றி என்று முடிவுக்கு வராதீர்கள். அந்த கேம் கன்சோலோடு சேர்த்து ஒரே பெட்டியில் விற்கப்பட்டது. அப்போது அமெரிக்காவில் தனியாக வாங்கினால் 79.99 டாலர், கன்சோல் 449.99, இரண்டும் சேர்ந்த பெட்டி 499.99. யாராக இருந்தாலும் சேர்ந்த பெட்டியைத்தான் எடுப்பார்கள். நின்டெண்டோ அப்படிப் போன பிரதிகளையும் கணக்கில் சேர்க்கும்.

விற்ற கன்சோல் எண்ணிக்கையை ஆட்களின் எண்ணிக்கையாகவும் எடுக்கக் கூடாது. பழுதானதற்குப் பதில் வாங்கியது, ஓஎல்இடி திரையோடு புது ஸ்விட்ச் வந்ததும் மாற்றியது, ஒரே வீட்டில் பிள்ளைக்கு ஒன்று என்று வாங்கியது எல்லாம் அதில் உண்டு. 15 கோடி ஸ்விட்ச் விற்ற நேரத்தில் நின்டெண்டோ சொன்ன ஆண்டு விளையாட்டாளர் எண்ணிக்கை 12 கோடிக்கு மேல் என்ற அளவில்தான் இருந்தது.

8. வரப்போகும் கேம்கள்: தேதியை எவ்வளவு நம்பலாம்?

விற்பனைக் கணக்கு நடந்து முடிந்தது. ரிலீஸ் தேதி வாக்குறுதி. ஆகவே வேறு அளவுகோல் வேண்டும். வாக்குறுதிகளை நம்பிக்கை வரிசையில் கீழிருந்து மேலே அடுக்கலாம்.

அடியில் இருப்பது பெயரும் லோகோவும் மட்டும். மெட்ராய்டு பிரைம் 4-ஐ நின்டெண்டோ 2017-இல் லோகோவோடு அறிவித்தது. 2019 ஜனவரியில், வேலை தரத்துக்கு வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ரெட்ரோ ஸ்டுடியோஸிடம் கொடுத்து முதலிலிருந்து தொடங்கியது. கைக்கு வந்தது 2025 டிசம்பர் 4. லோகோவை வைத்து "அடுத்த ஆண்டு இந்தக் கன்சோலுக்கு இது வருகிறது" என்று பட்டியல் போடாதீர்கள்.

அடுத்தது ஆண்டு மட்டும், அதற்கு மேல் பருவம். ஃபால் என்றால் வட அமெரிக்க இலையுதிர்காலம், ஏறக்குறைய செப்டம்பர் இறுதி முதல் டிசம்பர் வரை. ஹாலிடே என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். ஜிடிஏ 6 இந்தப் படிகள் எல்லாவற்றிலும் ஏறி வழுக்கியது. 2023 டிசம்பர் டிரெய்லரில் 2025 என்றார்கள். 2024 மே மாதம் அதை 2025 ஃபால் என்று சுருக்கினார்கள். 2025 மே 2-இல் 2026 மே 26 என்று தேதி கொடுத்தார்கள், அதே ஆண்டு நவம்பர் 6-இல் அதை 2026 நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள். கவனித்தால் ஒன்று தெரியும்: நவம்பர் 6-இல் வந்த ஒத்திவைப்பு, ஜிடிஏ-வின் தாய் நிறுவனமான டேக்-டூவின் காலாண்டு அறிக்கையோடு சேர்ந்தே வந்தது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் ஆண்டு வருமான முன்கணிப்பு தருவது வழக்கம் என்பதால், பெரிய கேமின் தேதி மாற்றம் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் வெளிவரும். டிரெய்லரில் தேடுவதைவிட முதலீட்டாளர் அறிக்கையில் தேடினால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

மேல்படியில் இருப்பது 'கோல்ட்' அறிவிப்பு. டிஸ்க் அச்சடிக்க மூலப் பிரதி தயார் என்று பொருள். அதன் பிறகு தேதி மாறாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், சைபர்பங்க் 2077 வரும் வரை. 2020 அக்டோபர் 5-இல் கோல்ட் என்றார்கள். அக்டோபர் 27-இல் நவம்பர் 19-ஐ டிசம்பர் 10-க்குத் தள்ளினார்கள். பழைய கன்சோல், புதிய கன்சோல், பிசி என்று ஒன்பது வடிவங்களை ஒரே நேரத்தில் சரிபார்க்க வேண்டியிருந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். வெளியான பின் பிஎஸ்4-இல் அது ஓடிய நிலையைப் பார்த்து சோனி ஒரு வாரம் கழித்துத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. கோல்ட் என்பது டிஸ்க் அளவில் முடிந்தது என்ற செய்தி, கேம் நன்றாக இருக்கிறது என்ற சான்றிதழ் அல்ல. முதல் நாளே இறங்கும் பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, எத்தனை ஜிபி என்று பாருங்கள்.

இந்த ஏணிக்கு வெளியே நின்று வந்த கேம் ஒன்று உண்டு. ஹாலோ நைட்: சில்க்சாங் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2022 ஜூன் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில், காட்டிய எல்லா கேம்களும் அடுத்த 12 மாதத்துக்குள் விளையாடக் கிடைக்கும் என்ற வாக்கோடு அதையும் காட்டினார்கள். 2023 மேயில் தள்ளிப்போனது. பிறகு நீண்ட மௌனம். 2025 ஆகஸ்ட் 21-இல் தேதி சொல்லி இரண்டே வாரத்தில், செப்டம்பர் 4-இல் வெளியிட்டார்கள். அந்த வாரத்தில் வரவிருந்த பல சிறிய கேம்கள் தங்கள் தேதியை அவசரமாக மாற்றிக்கொண்டன. சிறு குழு தாமதித்தால் அதைக் கைவிடப்பட்ட கேம் என்று எழுதிவிடாதீர்கள். வெளியில் பேசவில்லை என்பதற்காக உள்ளே வேலை நடக்கவில்லை என்று ஆகாது.

அறிவிப்புக்கு முன்பே தெரியும் அடையாளங்களும் உண்டு. வயதுத் தரச்சான்று அமைப்புகளின் தளங்களில், அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி, ஐரோப்பாவின் பெகி, ஜப்பானின் செரோ, கொரியா, பிரேசில், தைவான் அமைப்புகளில், ஒரு கேமின் பெயர் வந்துவிட்டால் வெளியீடு சில மாதத் தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மாறாக, கடைத் தளத்தில் டிசம்பர் 31 என்று இருந்தால் அது தேதியே அல்ல, முன்பதிவுப் பக்கத்தில் ஏதாவது நிரப்ப வேண்டுமே என்று நிரப்பியது.

எந்தக் கன்சோலுக்கு என்ற சொல்லையும் நிதானமாகப் படியுங்கள். "கன்சோல் எக்ஸ்க்ளூசிவ்" என்றால் பிசியில் வரும். "லாஞ்ச் எக்ஸ்க்ளூசிவ்" என்றால் மற்ற கன்சோலுக்குப் பிறகு வரலாம். ஃபைனல் ஃபேன்டஸி 16 பிஎஸ்5-க்கு 2023 ஜூன் 22, பிசிக்கு 2024 செப்டம்பர் 17, எக்ஸ்பாக்ஸுக்கு 2025 ஜூன் 8. இரண்டு ஆண்டுக்குள் மூன்று இடம். இனி எப்போதுமே அங்கே வராது என்று பந்தயம் கட்டுவதற்கு இது நல்ல காலமில்லை: 2025 ஆகஸ்ட் 26 ஒரே நாளில் சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்கும், மைக்ரோசாஃப்டின் கியர்ஸ் ஆஃப் வார் ரீலோடட் பிஎஸ்5-க்கும் வந்தன.

டிரெய்லர் ஓரத்தில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்பதையும் நிறுத்திப் பாருங்கள். "பிஎஸ்5-இல் பதிவானது" என்பதற்கும் "கேம் எஞ்சினில் உருவான காட்சி" என்பதற்கும் மிகுந்த தூரம். பின்னதில் கேமரா, ஒளி, வேகம் எல்லாம் காட்சிக்காக அமைத்தவையாக இருக்கலாம். வாதத்தில் கிராஃபிக்ஸ் பற்றிப் பேசுவதானால் முன்னதை மட்டும் ஆதாரமாக எடுங்கள்.

9. வாதத்தில் இறங்கும்போது

ஒரு எண்ணைச் சொன்னால் ஒரே வாக்கியத்தில் நான்கு பதிலும் இருக்கட்டும்: "2025 டிசம்பர் 31 வரை, நின்டெண்டோ கணக்குப்படி, செல்-இன், உலகம் முழுக்க, ஸ்விட்ச் 15.537 கோடி." இதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது. எதிராளி செல்-த்ரூவைக் கொண்டுவந்தால் அவரைத் தப்பு என்று சொல்லாமல், அதே அளவில் நீங்களும் எண் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்த ஒப்பீட்டை இருவரும் விட்டுவிடுவதுதான் முறை.

முன்கணிப்பையும் நடந்ததையும் கலக்காதீர்கள். ஸ்விட்ச் 2-க்கு 2026 மார்ச் வரையிலான இலக்கை நின்டெண்டோ முதலில் 1.5 கோடி என்று வைத்து, 2025 நவம்பரில் 1.9 கோடியாக உயர்த்தியது. பிஎஸ்5-க்கு 2023 நிதியாண்டில் சோனி 2.5 கோடி என்று வைத்து 2.1 கோடிக்கு இறக்கியது. வந்தது 2.08 கோடி. அந்த 2.08 கோடி அதுவரை பிஎஸ்5-க்கு மிகச் சிறந்த ஆண்டு. இலக்கு தவறியதும் உண்மை, சாதனை ஆண்டு என்பதும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவரிடம் மற்றதையும் எடுத்து வையுங்கள்.

காலாண்டு அறிக்கைகள் பொதுவாக பிப்ரவரி தொடக்கம், மே முதல் பாதி, ஆகஸ்ட் தொடக்கம், நவம்பர் தொடக்கத்தில் வரும். மைக்ரோசாஃப்ட் ஓரிரு வாரம் முந்திக்கொள்ளும். ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், அங்கே பிற்பகல் 4 என்றால் இங்கே 12.30. அன்று காலையே தாளில் தேதியை எழுதி, போன ஆண்டின் அதே மாத எண்ணைப் பக்கத்துக் கட்டத்தில் நிரப்பி வைத்துவிடுங்கள். நின்டெண்டோவின் பிடிஎஃப் வந்ததும் கன்சோல் வரிசையைத் தேடி, அட்டவணையின் மேல் மூலையில் அலகு பத்தாயிரம்தானா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் புள்ளியை வையுங்கள்.